தேவைக்கான காரணம்

மூன்று வாரமாக விண்ணப்பம் பீரோவில் கிடக்கிறது.
பெயர், முகவரி, ஏற்கனவே உள்ள ஆயுதம்
எல்லாம் நிரப்பிவிட்டேன்.
அதற்கடுத்த கட்டத்தில் பேனா நின்றது:
தேவைக்கான காரணம்.

முதல் துப்பாக்கிக்கு யோசிக்கவேயில்லை.
விளையாட்டு என்று எழுதினேன்.
கலெக்டர் ஆபீஸில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்,
கேரம் போர்டு என்று நினைத்தாரோ என்னவோ,
முத்திரை விழுந்தது.

விற்பவள் நஸ்ரீன்.
ஆறு வருடமாக எனக்கு அடுத்த தடத்தில் நிற்பவள்.
ஆறு வருடமாக என்னைவிட மூன்று புள்ளி, நான்கு புள்ளி,
ஒருமுறை (அடைமழை, அவளுக்குக் காய்ச்சல்)
ஒரே ஒரு புள்ளி கூடுதல்.
வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை. கிளம்புகிறாள்.
"வேற யார்கிட்டயும் கொடுக்க மனசில்ல" என்றாள்.
தோற்றவளிடம் மட்டும் மனசு வருமா?
நான் கேட்கவில்லை.

பிடித்துப் பார்க்கச் சொன்னாள்.
வால்நட் மரப்பிடி. அரத்தால் ராவி, மரப்பசை அப்பி
தன் உள்ளங்கைக்கு அவளே செதுக்கிக்கொண்டது.
என் விரல்கள் போய் உட்கார்ந்த பள்ளங்களில்
ஏற்கனவே ஒருத்தி இருந்தாள்.
சுண்டுவிரலுக்கு இடம் போதவில்லை.
கட்டைவிரலுக்கு அடியில் மட்டும்,
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
எனக்கென்றே வெட்டியது மாதிரி.

என்னுடையதற்கு வயதாகிவிட்டது.
மூன்றாவது தோட்டாவில் சிலநாள் தொண்டை அடைத்துக்கொள்ளும்.
ஆடி மாதத்துக் குன்னூர் மூடுபனி
இரும்பைத் தேடித் தின்னும்.
செருப்புப் பெட்டிகளில் பொறுக்கிய சிலிக்கா பொட்டலங்களை
குழந்தைக்குத் தலையணை வைப்பதுபோல்
சுற்றிலும் அடுக்கித்தான் தூங்கவைக்கிறேன்.
ஆனாலும் எட்டு வளையத்தில் போன தோட்டாவுக்கெல்லாம்
அதைத் திட்டலாம்.
நஸ்ரீனுடையதை வாங்கிவிட்டால்
திட்டுவதற்கு என் மணிக்கட்டுதான் மிச்சம்.

எபனேசருக்கு அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரி வேலை.
வீட்டில் தீப்பெட்டியைக்கூட மேல்தட்டில் வைக்கிற மனிதர்.
"சுடறது ஒரு கையாலதானே?" என்றார்.
கோபமில்லை. கணக்கு.
வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர்
நிறைமாசக்காரி மாதிரி வயிறு தள்ளி நிற்கிறது.
கொத்தனார் சொன்ன தொகைக்கும் நஸ்ரீன் சொன்ன தொகைக்கும்
நாலாயிரம்தான் வித்தியாசம்.
ஐப்பசி மழைக்கு ஏழு வாரம்.
விளக்கணைத்த பிறகு இருட்டுக்குள்ளிருந்து இன்னொன்றும் சொன்னார்:
"ஒண்ணு இருந்தா விளையாட்டு.
ரெண்டு இருந்தா ஊர்ல அதுக்கு வேற பேரு."

தேயிலை ஏல மையத்தில் உட்கார்ந்து
நாள் முழுக்கப் பார்க்கிறேன்,
ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள்
மூட்டை மூட்டையாகக் கைமாறுகிறது.
அந்தத் துணிச்சலில் ஒரு கிராம்
எனக்கு ஒட்டியிருக்கக் கூடாதா.

ஞாயிறு, கேத்திச் சரிவில் எங்கள் ரேஞ்ச்.
இரண்டாவது சுற்றின் நடுவில்
மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது காட்டெருது.
தேருக்கு வடம் பிடிக்கலாம், அத்தனை முதுகு.
முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை.
சிவப்புக் கொடி ஏறியது.
காலி செய், கீழே வை, பின்னால் வா.
பதினோரு துப்பாக்கிகள் வாய்பிளந்து மேசையில் கிடக்க,
பத்து மீட்டர் தள்ளி, இருபது மீட்டர் தள்ளி,
அது பாட்டுக்கு மேய்ந்தது.
நஸ்ரீனின் அட்டையை மோந்து பார்த்தது.
என்னுடையதைச் சீண்டவில்லை.

பிளாஸ்க் மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றியபடி
"என்ன முடிவு பண்ணின?" என்றாள்.
"மொதல்ல மாடு போகட்டும்."

சிரித்தாள்.
அவள் வலது கை மட்டும் மடியில்
எதையோ பிடித்திருப்பதுபோல்
பாதி மூடியே இருந்தது.

மாடு படுத்துக்கொண்டது.